சென்சார் மாத்தணும் சார்!

செக் லைட் எரிந்தால் கம்பெனி சர்வீஸா, வெளி மெக்கானிக்கா? பழுதைக் கண்டுபிடிக்கும் வேலைக்குக் கூலி இல்லாத ஊரில் பாகங்கள் மட்டும் விற்றுக்கொண்டிருக்கின்றன.

ஸ்பீடோமீட்டருக்குப் பக்கத்தில், மஞ்சள் நிறத்தில் ஒரு சின்ன என்ஜின் படம். சாவியைத் திருப்பியதும் எரியும், வண்டி ஸ்டார்ட் ஆனதும் அணைந்துவிடும். அணையாமல் நின்றுவிட்டால் அன்றைக்கு வீட்டில் பட்டிமன்றம்தான். “கம்பெனியில விட்டா தீட்டிடுவான்” என்று ஓர் அணி. “வெளியில காட்டினா வாரன்ட்டி போயிடும்” என்று எதிரணி. நடுவர் இல்லாத இந்தப் பட்டிமன்றத்தில் கடைசியில் ஜெயிப்பவர் பெரும்பாலும் பக்கத்து வீட்டுக்காரர். அவருக்குத் தெரிந்த மெக்கானிக் ஒருவர் எப்போதும் இருப்பார்.

இரண்டு அணியிலும் உண்மை இருக்கிறது. ஆனால் வண்டியை எங்கே விடுவது என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. விட்ட இடத்தில் எதைச் சோதித்து, எப்படிப் பழுதைக் கண்டுபிடித்தார்கள் என்று கேட்பவர் அபூர்வம். என்ஜின் செலவில் பணம் வீணாகக் கரைவது இந்தக் கேட்கப்படாத கேள்வியில்தான்.

காதும் மூக்கும் ஸ்க்ரூடிரைவரும்

அம்பாசடரும் பிரீமியர் பத்மினியும் ஓடிய காலத்தில் நோய் கண்டறிவதற்கு மெக்கானிக்கின் உடம்பே கருவி. நீளமான ஸ்க்ரூடிரைவரின் நுனியை என்ஜின் பிளாக்கில் ஊன்றி, கைப்பிடியைக் காதோடு ஒட்டிக்கொண்டு, சத்தம் எந்த சிலிண்டரிலிருந்து வருகிறது என்று சொல்லிவிடுவார்கள். சைலன்சர் புகை நீலமாக வந்தால் ஆயில் எரிகிறது. கறுப்பாக வந்தால் பெட்ரோல் கூடுதலாகப் போகிறது. என்ஜின் சூடான பிறகும் வெள்ளைப் புகை நிற்காவிட்டால் ஹெட் கேஸ்கட் போய் தண்ணீர் உள்ளே இறங்குகிறது. இந்த அறிவு இன்றும் செல்லுபடியாகும். பிஸ்டனும் ரிங்கும் வால்வும் செய்யும் வேலை மாறவில்லை.

மாறியது அவற்றை ஆட்டிவைக்கும் ஆள். 1999 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் டெல்லிப் பகுதியில் பதிவாகும் கார்களுக்கு யூரோ புகை விதிகளைக் கட்டாயமாக்கியதும் கார்புரேட்டருக்கு நாள் குறிக்கப்பட்டுவிட்டது. எம்.பி.எஃப்.ஐ. என்ற பெட்ரோல் தெளிப்பு முறை பரவியது. எவ்வளவு பெட்ரோல் தெளிப்பது, எப்போது ஸ்பார்க் கொடுப்பது என்பதை ஈ.சி.யு. என்ற சின்னக் கம்ப்யூட்டர் தீர்மானிக்க ஆரம்பித்தது. அதற்குச் செய்தி சொல்ல ஆக்சிஜன் சென்சார், காற்றை அளக்கும் சென்சார், கிராங்க் சென்சார், கூலன்ட் சென்சார் என்று ஒரு படையே வந்தது.

அந்த மஞ்சள் விளக்கு கார் உரிமையாளர் மீதுள்ள கரிசனத்தில் பிறந்தது அல்ல என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். அது காற்று மாசுச் சட்டத்தின் குழந்தை. அமெரிக்காவில் 1990இல் திருத்தப்பட்ட தூய காற்றுச் சட்டத்தைத் தொடர்ந்து, 1996 மாடல் முதல் அங்கே விற்கும் எல்லாக் கார்களிலும் ஓ.பி.டி.-2 என்ற தன்சோதனை ஏற்பாடு கட்டாயமானது. இந்தியாவில் அது 2013 ஏப்ரலில் கட்டாயமானது. ஸ்டீயரிங்குக்குக் கீழே குனிந்து பார்த்தால் 16 பின் கொண்ட ஒரு சாக்கெட் தெரியும். ஸ்கேனரைச் செருகும் இடம் அதுதான். 2020 ஏப்ரலில் பி.எஸ்.-6 வந்தபோதும், 2023 ஏப்ரலில் அதன் இரண்டாம் கட்டம் வந்தபோதும் கண்காணிப்பு இன்னும் இறுகியது. புகை எல்லை மீறப்போகிறது என்று சந்தேகம் வந்தாலே விளக்கு எரியும். வண்டி நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே எரிந்து பயமுறுத்துவதற்கு இதுதான் காரணம்.

கோடு சொல்வதும் சொல்லாததும்

ஸ்கேனரைச் செருகினால் ‘பி’ என்ற எழுத்தோடு நான்கு இலக்க எண் ஒன்று வரும். இதைத்தான் ‘எரர் கோடு’ என்கிறோம். பிரச்சினை இங்கே தொடங்குகிறது. கோடு வந்ததும் நோய் தெரிந்துவிட்டதாக எல்லோரும் நினைக்கிறார்கள். கோடு சொல்வது அறிகுறியை மட்டும்.

பி0171 என்ற கோடை எடுத்துக்கொள்வோம். காற்றுக்கு ஏற்ற அளவு பெட்ரோல் போகவில்லை என்று அதற்கு அர்த்தம். இந்தச் செய்தியைக் கொடுப்பது சைலன்சர் பாதையில் உட்கார்ந்திருக்கும் ஆக்சிஜன் சென்சார். உடனே தீர்ப்பு வரும்: “ஆக்சிஜன் சென்சார் மாத்தணும் சார்!” காய்ச்சல் காட்டிய தெர்மாமீட்டரைத் தூக்கிப்போட்டுப் புதுசு வாங்குகிற வேலை இது. காற்று போகும் ரப்பர் ஹோஸில் விரிசல் இருக்கலாம். காற்றளவு சென்சாரில் தூசு படிந்திருக்கலாம். டேங்குக்குள் இருக்கும் பெட்ரோல் பம்ப் சோர்ந்திருக்கலாம். ஃபில்டர் அடைத்திருக்கலாம், இன்ஜெக்டர் அடைத்திருக்கலாம். சைலன்சரில் சென்சாருக்கு முன்னால் ஓட்டை விழுந்து, வெளிக்காற்று உள்ளே புகுந்து சென்சாரை ஏமாற்றிக்கொண்டும் இருக்கலாம்.

இவற்றில் எது என்று பிரித்தறிய வழி இருக்கிறது. அதே ஸ்கேனரில் ‘லைவ் டேட்டா’ என்ற பகுதிக்குப் போனால், ஈ.சி.யு. வழக்கத்தைவிட எத்தனை சதவீதம் பெட்ரோலைக் கூட்டியோ குறைத்தோ கொடுத்துக்கொண்டிருக்கிறது என்பது ‘ஃப்யூல் டிரிம்’ என்ற பெயரில் ஓடிக்கொண்டிருக்கும். வண்டி நின்ற இடத்தில் ஐடிலிங்கில் இருக்கும்போது அந்த எண் எகிறி, ஆக்சிலரேட்டரை மிதித்ததும் இறங்கினால், எங்கோ காற்று கசிகிறது. ஐடிலிங்கில் ஒழுங்காக இருந்து, மேடு ஏறும்போதும் வேகமெடுக்கும்போதும் எகிறினால், பெட்ரோல் வரத்தில் கோளாறு என்று சந்தேகிக்கலாம். முதல் ரகத்துக்கு இன்டேக் பாதையில் புகையை ஏற்றி, எங்கே கசிகிறது என்று கண்ணால் பார்க்கலாம். இரண்டாவது ரகத்துக்கு பிரஷர் கேஜ் மாட்ட வேண்டும். கருவி பெரிய விஷயமில்லை. பத்து நிமிடம் நின்று, எண் எப்படி ஏறி இறங்குகிறது என்று பார்க்கும் பொறுமைதான் வேண்டும்.

(எத்தனால் கலந்த பெட்ரோலையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். எத்தனாலில் ஆக்சிஜன் இருப்பதால், 20 சதவீதக் கலப்பு பெட்ரோலுக்கு ஈ.சி.யு. எரிபொருளைச் சற்றுக் கூட்டியே தெளிக்கும். 10 சதவீதக் கலப்புக்கு வடிவமைத்த பழைய வண்டியில், ஏற்கெனவே சின்னக் கசிவு இருந்தால், இது விளக்கை எரியவைக்கப் போதும். அதற்காக எல்லாப் பழியையும் பெட்ரோல் பங்க் மீது போடுகிற மெக்கானிக்கையும் நம்பிவிட வேண்டியதில்லை.)

பி0301 இன்னும் சுவாரசியம். முதல் சிலிண்டரில் மிஸ்ஸிங் என்று அர்த்தம். ஸ்பார்க் பிளக்கா, காயிலா, இன்ஜெக்டரா, இல்லை காம்பிரஷன் போய்விட்டதா? ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனிக் காயில் உள்ள வண்டியில் ஒரு தந்திரம் உண்டு. முதல் சிலிண்டர் காயிலைக் கழற்றி இரண்டாவதில் போட்டு, இரண்டாவதை முதலில் போட்டு, வண்டியை ஓட்டிப் பார்க்க வேண்டும். கோடு பி0302 என்று மாறினால் பழுது காயிலோடு நகர்ந்திருக்கிறது, காயில்தான் குற்றவாளி. பி0301 அப்படியே நின்றால் காயில் நிரபராதி. கால் மணி நேர வேலை. பைசா செலவில்லை. இதைச் செய்யாமல் நான்கு காயிலையும் நான்கு பிளக்கையும் மாற்றி பில் போடும் இடங்கள் ஷோரூம் பக்கமும் உண்டு, தெருமுனைப் பக்கமும் உண்டு.

பி0420தான் பர்ஸைப் பதம் பார்க்கும். கேட்டலிடிக் கன்வர்ட்டர் சரியாக வேலை செய்யவில்லை என்கிறது அந்தக் கோடு. பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் போன்ற உலோகங்கள் பூசிய பாகம் அது. விலையைக் கேட்டால் தலை சுற்றும். பின்பக்க ஆக்சிஜன் சென்சாரின் கோளாறோ, சைலன்சர் கசிவோகூட இதே கோடைக் கொண்டுவரும் என்பதைச் சொல்லாமலே எஸ்டிமேட் நீட்டப்படுகிறது.

இன்னொரு வழக்கம் இருக்கிறது. “எரர் அழிச்சு விட்டுட்டேன், ஓட்டிப் பாருங்க.” கோடு பதிவான நொடியில் வண்டி என்ன வேகத்தில் ஓடியது, என்ஜின் எவ்வளவு சூடாக இருந்தது, ஆர்.பி.எம். எவ்வளவு என்பதை எல்லாம் ஈ.சி.யு. ‘ஃப்ரீஸ் ஃப்ரேம்’ என்ற பெயரில் சேமித்து வைத்திருக்கும். கோடை அழித்தால் அதுவும் அழியும். தடயத்தைத் துடைத்துவிட்டு விசாரணையைத் தொடங்கும் போலீஸ்காரரை யாரும் பாராட்ட மாட்டார்கள். மெக்கானிக்குக்கு மட்டும் நன்றி சொல்லிவிட்டு வருகிறோம்.

ஷோரூமின் உள்ளே

கம்பெனி சர்வீஸ் சென்டரின் பலத்தைக் குறைத்துப் பேசக் கூடாது. மாருதியின் எஸ்.டி.டி., ஹூண்டாயின் ஜி.டி.எஸ்., டொயோட்டாவின் டெக்ஸ்ட்ரீம், ஃபோக்ஸ்வேகனின் ஓடிஸ், பி.எம்.டபிள்யூ.வின் இஸ்டா என்று ஒவ்வொரு நிறுவனத்துக்கும் சொந்தக் கருவி உண்டு. பொது ஸ்கேனர் எட்டாத மூலைகளை இவை எட்டும். ஒரு மாடலில் ஒரே பழுது பல ஊர்களில் திரும்பத் திரும்ப வந்தால், நிறுவனம் டீலர்களுக்குத் தொழில்நுட்பச் சுற்றறிக்கை அனுப்பும். இன்ன சத்தம் வந்தால் இன்ன பாகத்தைப் பார், இன்ன சாஃப்ட்வேரை ஏற்று என்று அதில் இருக்கும். வெளியில் இருப்பவர் மூன்று நாள் தலையை உடைத்துக்கொள்ளும் பழுதை, அந்தச் சுற்றறிக்கையைப் படித்தவர் மூன்று நிமிடத்தில் முடிப்பார். வயரிங் வரைபடமும் அவர் கையில் இருக்கிறது.

பிறகு ஏன் கம்பெனி சர்வீஸில் இத்தனை புலம்பல்?

அங்கே வாடிக்கையாளர் பேசுவது சர்வீஸ் அட்வைசரிடம். வண்டியைத் தொடுவது உள்ளே ஒர்க்ஷாப்பில் நிற்கும் டெக்னீஷியன். “காலையில ஸ்டார்ட் பண்ணா மட்டும் ஒரு நடுக்கம் இருக்கு, பத்து நிமிஷத்துல போயிடுது” என்று உரிமையாளர் சொன்ன விவரம், ஜாப் கார்டில் ‘என்ஜின் வைப்ரேஷன்’ என்று இரண்டு சொல்லாகச் சுருங்கும். காலையில் மட்டும், குளிர்ந்த என்ஜினில் மட்டும் என்பதுதான் துப்பு. அது கவுன்டரிலேயே தங்கிவிடுகிறது. மதியம் சூடான என்ஜினை ஓட்டிப் பார்த்துவிட்டு, ‘நோ பிராப்ளம் ஃபவுண்ட்’ என்று எழுதுவார்கள்.

இதைவிட முக்கியமான ஒன்று வாரன்ட்டிக் கணக்கில் ஒளிந்திருக்கிறது. வாரன்ட்டிக்குள் பாகம் மாற்றினால் பணம் தருவது கார் நிறுவனம். அது சும்மா தராது. என்ன கோடு வந்தது, என்ன சோதனை செய்தீர்கள், கழற்றிய பாகம் எங்கே என்று கேட்கும். ஆதாரம் சரியில்லாவிட்டால் கிளெய்மைத் தள்ளிவிடும். அதனால் டீலரிடம் பழுது கண்டுபிடிக்கும் வேலை ஒழுங்காக நடக்க ஒரு நிர்ப்பந்தம் இருக்கிறது. வாரன்ட்டி முடிந்த மறுநாள் அதே வண்டி, அதே டெக்னீஷியன், அதே கருவி. ஆனால் பணம் கொடுப்பவர் ஆதாரம் கேட்கத் தெரியாதவர். அங்கே கைகள் தளர்ந்துவிடுகின்றன. இன்ஜெக்டர் கிளீனிங், த்ராட்டில் கிளீனிங், கார்பன் நீக்கம் என்று பில்லில் வரிகள் கூடுகின்றன. ஈ.சி.யு.வுக்குள் ஒரு சின்னச் சில்லு போயிருந்தாலும் முழு ஈ.சி.யு.வையே மாற்றச் சொல்லும் வழக்கமும் இங்கேதான்.

பட்டறையின் உள்ளே

வெளி மெக்கானிக்கிடம் இந்த இடைவெளி இல்லை. கேட்பவரும் அவரே, கழற்றுபவரும் அவரே. உரிமையாளரைப் பக்கத்தில் உட்காரவைத்து ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்து, “இந்தச் சத்தம்தானேண்ணே?” என்று கேட்பார். ஒரு நாளில் மாருதி, டாடா, ஹூண்டாய், மஹிந்திரா என்று எல்லாம் கைக்கு வருவதால் ஒப்பிட்டுப் பார்க்கும் கண் வளர்கிறது. ஒரு காலத்தில் ஃபியட்டின் 1.3 மல்டிஜெட் டீசல் என்ஜின் ஸ்விஃப்ட்டிலும், டாடா விஸ்டாவிலும், புன்டோவிலும் ஓடியது. ஷோரூமுக்கு அவை மூன்று வேறு கார்கள். பட்டறைக்காரருக்கு ஒரே என்ஜின். ஒன்றில் கற்றதை மற்றதில் உடனே பயன்படுத்தினார்.

பழுது பார்ப்பதில் அவருக்கு இருக்கும் ஆர்வம் மாற்றுவதில் இருப்பதில்லை என்பதும் பெரும்பாலும் உண்மை. ஆல்டர்னேட்டர் போனால் கார்பன் பிரஷ் மாற்றிப் பார்ப்பார். ஹெட் வளைந்தால் லேத்துக்கு அனுப்பி ஃபேஸ் அடித்து வாங்குவார். சென்னையில் ஜி.பி. ரோடும் புதுப்பேட்டையும் இந்தப் பொருளாதாரத்தின் மீதுதான் நிற்கின்றன.

ஆனால் ரொமான்டிக்காகப் பேசிவிட்டு நகர முடியாது. பல பட்டறைகளில் இருப்பது கோடை மட்டும் படிக்கும் மலிவு ஸ்கேனர். லைவ் டேட்டாவைப் படிக்க யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. ஐ.டி.ஐ.யில் மோட்டார் வாகன மெக்கானிக் பிரிவு இரண்டு வருடப் படிப்பு. படித்து வந்தவர்களை ஷோரூம்கள் இழுத்துக்கொள்கின்றன. குருவிடம் தொழில் கற்ற பட்டறைப் பையனுக்கு பி.எஸ்.-6 டீசலின் புகைக்கரியை வடிகட்டும் டி.பி.எஃப்.பின் அடைப்பும், நைட்ரஜன் ஆக்சைடை அளக்கும் நாக்ஸ் சென்சாரும் புதிர்கள். புதிர் அவிழாதபோது அவர் செய்வது, “இதை மாத்திப் பார்ப்போம், சரியாகலைன்னா அதை மாத்திப் பார்ப்போம்” என்ற வேலை. அந்தப் ‘பார்ப்போம்’களுக்கு பில் கட்டுவது வண்டிக்காரர். டூப்ளிகேட் பாகம் ஒரிஜினல் டப்பாவில் வரும் கதை தனி.

பார்த்ததுக்குக் காசா?

ஆக, கருவி ஒரு பக்கம், காது ஒரு பக்கம். இரண்டு இடத்திலும் பொதுவாக இருக்கும் நோய் ஒன்று உண்டு. பழுதைக் கண்டுபிடிக்கும் வேலைக்கு நம் ஊரில் விலை இல்லை.

இரண்டு மணி நேரம் வயரைத் துருவி, எர்த் கம்பியில் துரு பிடித்திருப்பதைக் கண்டுபிடித்து, சுரண்டி முறுக்கிவிட்ட மெக்கானிக் ஆயிரம் ரூபாய் கேட்டால் சண்டை வரும். “ஒரு ஸ்க்ரூவை டைட் பண்ணதுக்கு ஆயிரமா?” அதே ஆள் துருவாமல், எட்டாயிரம் ரூபாய்க்கு ஒரு சென்சாரை மாற்றினால் யாரும் சண்டை போடுவதில்லை. கையில் டப்பா இருக்கிறதே! திறமைக்கு நஷ்டம், டப்பாவுக்கு லாபம் என்று நாமே கற்றுக்கொடுத்துவிட்டு, மெக்கானிக் ஏமாற்றுகிறார் என்று புலம்புகிறோம்.

இது நம் ஊர்க் குறை மட்டும் இல்லை. 1973இல் மைக்கேல் டார்பி, எடி கார்னி என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள், வாங்கிய பிறகும் தேவைதானா என்று வாங்கியவரால் சொல்ல முடியாத சேவைகளைப் பற்றி எழுதினார்கள். அவர்கள் எடுத்துக்கொண்ட உதாரணங்களில் கார் ரிப்பேரும் ஒன்று. வண்டி சரியாகிவிட்டது, ஆனால் மாற்றிய மூன்று பாகங்களில் எது சரிசெய்தது என்று உரிமையாளருக்கு எப்போதும் தெரியப்போவதில்லை. அந்த இருட்டில்தான் வியாபாரம் நடக்கிறது.

1992இல் கலிஃபோர்னியா மாநில நுகர்வோர் துறை, சியர்ஸ் நிறுவனத்தின் கார் பழுதுபார்க்கும் கிளைகளுக்குத் தன் ஆட்களை வாடிக்கையாளர் வேடத்தில் அனுப்பியது. தேவையில்லாத ரிப்பேர்கள் தலையில் கட்டப்படுவதாகக் குற்றம் சாட்டியது. ஊழியர்களுக்கு விற்பனை இலக்கும் கமிஷனும் இருந்ததே காரணம் என்று பேசப்பட்டது. சியர்ஸ் அந்த முறையைக் கைவிட்டது. அமெரிக்கப் பொருளாதார ஆய்வாளர் ஹென்றி ஷ்னைடர் தெரிந்தே சில கோளாறுகள் வைத்த காரை கேரேஜ் கேரேஜாக ஓட்டிப்போய்ச் சோதித்தார். அந்த ஆய்வு 2012இல் வெளியானது. தேவையில்லாத வேலையைச் சிபாரிசு செய்தவர்கள் இருந்தார்கள் என்பதில் ஆச்சரியமில்லை. கண்ணெதிரே இருந்த கோளாறுகளைப் பலர் கவனிக்கவே இல்லை என்பதுதான் செய்தி. தளர்ந்த பேட்டரி கேபிள் போன்ற சாதாரணக் குறையும் அவற்றில் அடக்கம். பேராசையைவிட அக்கறையின்மை அதிகச் சேதம் செய்கிறது.

வாரன்ட்டி பூச்சாண்டி

“வெளியே தொட்டால் வாரன்ட்டி போச்சு” என்ற வசனத்தை இந்தியப் போட்டி ஆணையம் விசாரித்திருக்கிறது. 2011இல் ஒரு நுகர்வோர் கொடுத்த புகாரில் தொடங்கிய வழக்கு அது. பாகங்களையும் சோதனைக் கருவிகளையும் வெளிச்சந்தைக்குக் கொடுக்காமல் நிறுவனங்கள் தங்கள் டீலர்களுக்குள்ளேயே பூட்டிவைக்கின்றன என்பது புகார். 2014 ஆகஸ்ட் 25 அன்று 14 கார் நிறுவனங்களுக்கு மொத்தம் 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது ஆணையம். டாடா மோட்டார்ஸுக்கு மட்டும் 1,346 கோடி. மாருதிக்கு 471 கோடி. பாகங்களின் விலையில் வைக்கப்பட்ட லாபம் பெரும்பாலும் 100 சதவீதத்துக்கு மேல், சில இடங்களில் 5,000 சதவீதத்தைத் தொட்டது என்று ஆணையம் குறிப்பிட்டது. ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் தொழிற்சாலை வைத்திருக்கும் ஹூண்டாய்க்குத் தனி உத்தரவில், 2015இல், சுமார் 420 கோடி.

அபராதத் தொகை தலைப்புச் செய்தியானது. கார் வைத்திருப்பவருக்கு அதைவிட உபயோகமான வரிகள் உள்ளே இருந்தன. வெளியே சர்வீஸ் செய்தார் என்ற ஒரே காரணத்துக்காக வாரன்ட்டியை ஒட்டுமொத்தமாக ரத்து செய்யும் நிபந்தனை கூடாது. வெளியே செய்த தவறான வேலையால் சேதம் வந்திருந்தால் அந்த அளவுக்கு மட்டுமே மறுக்கலாம் என்றது உத்தரவு. பாகங்கள், கருவிகள், கையேடுகள் வெளிப் பட்டறைகளுக்கும் கிடைக்க வேண்டும் என்றும் சொன்னது.

நிறுவனங்கள் சும்மா இருக்கவில்லை. மேல்முறையீடுகள், ரிட் மனுக்கள் என்று விஷயம் ஆண்டுக்கணக்கில் இழுத்தது. 2016 டிசம்பரில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் டொயோட்டா, ஃபோர்டு, நிஸ்ஸான் மூன்றின் மீதான முடிவை உறுதிசெய்து, அபராதக் கணக்கைக் குறைத்தது. 2022இல் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை, பழுதுபார்க்கும் உரிமைக்கென ஓர் இணையத்தளம் தொடங்கியது. அதில் வாகனமும் ஒரு பிரிவு. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநில மக்கள் 2012இலும் 2020இலும் வாக்குப்பெட்டியில் இதே உரிமைக்கு ஓட்டுப் போட்டு வென்றார்கள். நம்மிடம் அப்படிப் பல்லுள்ள சட்டம் இன்னும் வரவில்லை.

கம்பெனியே போய்விட்டால்?

இந்தக் கேள்விக்குத் தமிழ்நாட்டுக்காரர்களிடம் பதில் இருக்கிறது. 2021 செப்டம்பரில் இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்துவதாக ஃபோர்டு அறிவித்தது. 2022இல் மறைமலை நகர் ஆலையிலிருந்து கடைசி எகோஸ்போர்ட் வெளியே வந்தது. சர்வீஸும் பாகங்களும் தொடரும் என்று நிறுவனம் சொன்னாலும், டீலர்கள் குறைந்தார்கள். எகோஸ்போர்ட், ஃபிகோ, எண்டவர் வைத்திருந்தவர்கள் வெளியே தேட வேண்டியதாயிற்று. 2017 கடைசியில் ஷெவர்லே விற்பனை நின்றபோது பீட் வைத்திருந்தவர்களுக்கு நேர்ந்ததும் இதுதான்.

அப்போதுதான் ஒரு புது ரக மெக்கானிக் வெளிச்சத்துக்கு வந்தார். ஃபோர்டு வண்டிகளுக்கென்றே ஆர்வலர்கள் பயன்படுத்தும் ஃபோர்ஸ்கேன் என்ற மென்பொருளை லேப்டாப்பில் வைத்துக்கொண்டு, கம்பெனிக் கருவி காட்டும் விவரங்களில் பெரும்பகுதியை அவர் எடுத்துக் காட்டினார். ஃபோக்ஸ்வேகன், ஸ்கோடாவுக்கு வி.சி.டி.எஸ். என்ற மென்பொருள் இதே வேலையைச் செய்கிறது. ஒரு பிராண்டை மட்டும் எடுத்துக்கொண்டு அதில் ஆழமாக இறங்கிய பட்டறைகள் இன்று சென்னையிலும் கோவையிலும் இருக்கின்றன. கருவியும் காதும் ஒரே இடத்தில் சேர்ந்தால் ஷோரூம் இல்லாமலும் கார் ஓடும் என்பதற்கு அந்த எகோஸ்போர்ட்டுகள் சாட்சி.

வெள்ளம் வைத்த பரீட்சை

2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் சென்னையில் கார்கள் மூழ்கின. இரண்டு தரப்புக்கும் ஒரே நேரத்தில் பரீட்சை வைத்த நாட்கள் அவை. தண்ணீர் புகுந்த என்ஜினை ஸ்டார்ட் செய்தால், சிலிண்டருக்குள் இருக்கும் தண்ணீரை பிஸ்டனால் அமுக்க முடியாது. கனெக்டிங் ராடு வளையும். ஸ்டார்ட் செய்யாமல் விட்டிருந்தால் பிளக்கைக் கழற்றி, தண்ணீரை வெளியே தள்ளி, ஆயிலைத் திரும்பத் திரும்ப மாற்றி என்ஜினைக் காப்பாற்ற முடியும். ஆகவே முதல் கேள்வி, “தண்ணியில நின்னப்போ கிராங்க் பண்ணீங்களா?” என்பதுதான். இதைக் கேட்காமலே என்ஜின் மாற்ற எஸ்டிமேட் போட்ட இடங்கள் இருந்தன. கேட்டு, காம்பிரஷன் பார்த்து, மாற்ற வேண்டாம் என்று அனுப்பிய இடங்களும் இருந்தன. என்ஜின் பாதுகாப்புக்கான கூடுதல் இன்சூரன்ஸ் எடுக்காதவருக்கு, இந்த ஒரு கேள்வியின் மதிப்பு லட்சக் கணக்கில்.

எதை எங்கே

வாரன்ட்டிக்குள் இருக்கும் கார் கம்பெனிக்குத்தான் போக வேண்டும். ஆதாரம் கேட்கும் ஆள் அங்கே நிறுவனமே. ரீகால், சாஃப்ட்வேர் அப்டேட், சாவியோடு பேசும் இம்மொபிலைசர், ஏர்பேக் போன்றவற்றுக்கும் அதுவே இடம். 2015இல் இரண்டு ஆய்வாளர்கள் ஓடிக்கொண்டிருந்த ஜீப் ஒன்றை இணையம் வழியாகக் கட்டுப்படுத்திக் காட்டிய பிறகு, அமெரிக்காவில் 14 லட்சம் வண்டிகள் திரும்ப அழைக்கப்பட்டன. அதன் விளைவாகப் புதிய கார்கள் சிலவற்றில் நிறுவனத்தின் அனுமதியோடு ஆன்லைனில் நுழைந்தால்தான் ஸ்கேனர் முழுதாக வேலை செய்யும். பாதுகாப்புக்காகப் போட்ட பூட்டு வியாபாரத்துக்கும் வசதியாகிவிட்டது.

வாரன்ட்டி முடிந்து, ஆயில் கசிவு, ஓவர்ஹீட், கிளட்ச், சத்தம், மிஸ்ஸிங் என்று வரும் வண்டிக்கு நல்ல வெளி மெக்கானிக்கே மேல். நல்லவரா என்று அறிய ஒரு சோதனை போதும். கோடைப் பார்த்தவுடன் பாகத்தின் பெயரைச் சொன்னால் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிடலாம். கேள்வி கேட்டு, ஓட்டிப் பார்த்து, “அரை நாள் விட்டுட்டுப் போங்க, பார்த்துட்டுச் சொல்றேன்” என்பவரிடம் சாவியைக் கொடுக்கலாம். எங்கே விட்டாலும் கோடையும் ஃப்ரீஸ் ஃப்ரேமையும் அழிப்பதற்கு முன் போனில் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். என்ன சோதித்து இந்த முடிவுக்கு வந்தார்கள் என்று ஜாப் கார்டில் எழுதச் சொல்லுங்கள். மாற்றிய பழைய பாகத்தைத் திரும்பக் கேளுங்கள். சோதனைக்கு என்று தனியாகக் கூலி கேட்டால் பேரம் பேசாமல் கொடுங்கள். எதுவும் மாற்றாமல் வண்டி சரியானாலும் கொடுங்கள்.

இத்தனைக்குப் பிறகும் தேவையில்லாத பில் வந்தால், அந்த போட்டோவும் ஜாப் கார்டும் சேவைக் குறைபாட்டுக்கு ஆதாரம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அங்கே தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்கலாம்.